தட்டு எடை போக மீதி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு பால்வாடியில் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டை எடை போடப் போனேன்.
2. தட்டின் எடையைக் கழிக்க வேண்டுமென்று ஒரு தட்டு கேட்டேன்.
3. டீச்சர் ஒரு தட்டு கொடுத்தார். எடை போட்டுக் குறித்துக்கொண்டேன்.
4. அந்த ஒரே எடையை எல்லாத் தட்டுகளிலிருந்தும் பன்னிரண்டு நாள் கழித்தேன்.
5. சில பிள்ளைகள் தட்டில் மீதி வைத்த சோறு பூஜ்யத்துக்கும் கீழே வந்தது. அதைப் பூஜ்யமாக்கினேன்.
6. என் பேராசிரியர் அந்த எண்களை அதிகாரிகள் கூட்டத்தில் திரையில் காட்டினார்.
7. டீச்சருக்கு மெமோ வந்தது.
8. டீச்சர் சோற்றைத் திருடவில்லை.

எட்டாவதை முதலில் எழுதியிருக்க வேண்டும். வரிசை கெடக் கூடாது என்பது எனக்கு ஒரு வியாதி.

நான் ஊட்டச்சத்தியலில் ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் செஞ்சி. களப்பணிக்கு எந்த ஊர் என்று பேச்சு வந்தபோது, "உன் ஊர்தானேம்மா, ஜனங்களப் பத்தி உனக்குத் தெரியாததா" என்று சொல்லி சார் முடித்துவிட்டார். சார் என்பது என் வழிகாட்டிப் பேராசிரியர். பல்கலைக்கழக வண்டி ஒரே நாளில் போய்த் திரும்பிவிடும் தூரம் என்பதும், வந்தால் கோட்டை ஏறலாம் என்பதும் சொல்லப்படாத காரணங்கள். களப்பணியைப் பார்வையிட அவர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் ராஜகிரி ஏறினார். ஒரு முறை பால்வாடிக்கும் வந்தார்.

என்னோடு மனித மேம்பாட்டுத் துறையிலிருந்து ஒரு தோழி. பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும்; சாப்பிட்டதற்கு ஏற்ப அறிவு வளர்கிறதா என்று அவள் பார்க்க வேண்டும். அவள் பெட்டியில் மரக்கட்டைகள் இருக்கும். ஆறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பிள்ளைக்கு மதிப்பெண். நான்கு வயதுப் பெண் ஒருத்தி கட்டைகளை அடுக்கவில்லை. அவற்றைத் தன் செருப்பில் ஏற்றி, உதட்டால் உறுமிக்கொண்டே அறை முழுக்க ஓட்டிப்போய், ஜன்னலோரம் சரித்துக் கொட்டிவிட்டு, காலி வண்டியைப் பின்னால் எடுத்தாள். கல் குவாரி உள்ள பக்கம். டிப்பர் லாரி பார்க்காத பிள்ளை கிடையாது. எங்கள் தேர்வுத்தாளின்படி அவளுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

ஊட்டச்சத்து ஆராய்ச்சியாளர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் ஆய்வு செய்யவில்லை. காலையில் ஒன்றுமில்லை. பதினோரு மணிக்கு டீ, பஜ்ஜி. மதியம், பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்ப்பது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு எதிரில் பரோட்டா. தாய்மார்களிடம் கீரை பற்றி ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு வந்து, இரண்டாம் முறை சால்னா கேட்பதில் எங்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

மொத்தம் ஐந்து பால்வாடிகள். வேலை எளிது. டீச்சர் தட்டில் சோறு போட்டதும் தட்டோடு எடை போட வேண்டும். தட்டு எடையைக் கழித்தால் எவ்வளவு சோறு என்று தெரியும். பிள்ளை சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி எடை போட்டு, தட்டு எடையைக் கழித்தால் எவ்வளவு மீதி என்று தெரியும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வயிற்றுக்குள் போனது. தராசில் பூஜ்யமாக்கும் பொத்தான் உண்டு. ஒவ்வொரு காலித் தட்டையும் வைத்து அழுத்தியிருக்கலாம். ஆனால் பசியோடு இருபது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அதற்கு நேரமில்லை. ஒரு தட்டை முன்கூட்டியே எடை போட்டு, அதையே எல்லாவற்றுக்கும் கழிப்பது என்று நானே வழிமுறை எழுதினேன். முதல் நான்கு பால்வாடிகளில் எல்லாத் தட்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. வழிமுறை அழகாக வேலை செய்தது.

ஐந்தாவது, அனந்தபுரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்க வேண்டிய ஊர். ஒரே அறை. டீச்சருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அதே ஊர், அதே பால்வாடியில் பதினெட்டு வருடம். சமையல் உதவியாளர் பணியிடம் காலியாக இருந்ததால் சமைப்பதும் அவர்தான். இப்போது பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்களில் சிலருக்கே அவர் மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறார். அதனால் ஊரில் யாரும் அவரிடம் அதிகம் குரல் உயர்த்துவதில்லை.

முதல் நாள் போனதும், "ஒரு தட்டு குடுங்க டீச்சர்" என்றேன். உள்ளே போய், இரும்பு பீரோவைத் திறந்து, ஒரு தட்டை எடுத்து முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். நான் அதைத் தராசில் வைத்தேன்.

"சாப்புடலயா?" என்றார்.

எடைக்காகக் கேட்டேன் என்றேன். அவர் தட்டை வாங்கி மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினார். பன்னிரண்டு நாளில் அந்தத் தட்டு பிறகு வெளியே வரவேயில்லை. அதை நான் கவனித்தேன். குறித்துக்கொள்ளவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள், ஒரு பையன் சாப்பிட்டு எழுந்த தட்டில் மீதி, மைனஸ் எழுபது கிராம் என்று வந்தது. ஒன்றுமில்லாததைவிட எழுபது கிராம் குறைவாக மீதி வைத்திருக்கிறான். தோழியிடம் காட்டினேன். "தட்டுல ஒரு கடி கடிச்சிருப்பானோ?" என்றாள். இருவரும் சிரித்தோம். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் பல மைனஸ்கள். மீதி பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும்படி கணினியில் ஒரு வரி எழுதினேன். இதற்கு எங்கள் துறையில் தரவைச் சுத்தம் செய்தல் என்று பெயர். சார் சொல்லித்தான் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சாரிடம் நான் கேட்கவேயில்லை.

சுத்தம் செய்த பிறகு ஐந்தாவது பால்வாடி மட்டும் தனியாகத் தெரிந்தது. மற்ற நான்கு இடங்களைவிடப் பிள்ளைகளுக்கு அங்கே மிகக் குறைவாகவே சோறு போடப்படுகிறது. ஆராய்ச்சி மாணவிக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. வித்தியாசம் இல்லையென்றால் அத்தியாயம் இல்லை. வரைபடத்தில் நான்கு கம்பங்களுக்குப் பச்சையும், ஐந்தாவதற்குச் சிவப்பும் கொடுத்தேன். சார் அதை மாவட்ட அதிகாரிகள் கூட்டத்தில் காட்டினார். ஊர் பெயர் சொல்லவில்லை. 'மையம் ஐந்து' என்றுதான் போட்டிருந்தோம். ரகசியம் காப்பது எங்கள் ஆய்வு ஒழுக்கம். ஐந்து மையங்களுக்கும் அனுமதிக் கடிதம் கொடுத்ததே அவர்கள்தான்; ஐந்தாவது எது என்று கண்டுபிடிக்க அதிகாரிகளுக்கு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த புதன்கிழமை, சில பிள்ளைகளின் விடுபட்ட உயர அளவுகளை எடுக்கப் போனேன். மதியம். வாசலில் இரண்டு தாய்மார்கள் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அங்கே தாய்மார்களை நான் பார்த்ததில்லை. இருவரில் இளையவள் உள்ளே பார்த்து, "இன்னாக்கா, இன்னிக்கு ஃபுல் சோறா, முக்கா சோறா?" என்றாள். டீச்சர் தலை நிமிராமல் சோற்றைக் கிளறினார். அது எனக்குப் புதிதாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கையில் கொடுத்தார். மெமோ. பிள்ளைகளுக்கு உரிய அளவு உணவு வழங்காததற்கும், அரிசி இருப்பு முறையாகப் பயன்படுத்தப்படாததாகச் சந்தேகிக்கப்படுவதற்கும், ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்க வேண்டும். இரண்டு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

"டீச்சர், உங்களப் பத்தி நான் ஒரு வார்த்தை எழுதல. வெறும் நம்பர்தான்" என்றேன். இதை நிதானமாகத்தான் சொன்னேன். நிதானமாகச் சொன்னதால் இன்னும் மோசமாக இருந்தது.

"நம்பரு" என்றார். "பதினெட்டு வருசமா ஆக்கிப் போட்டுகினு இருக்குறேன். நீ பன்னெண்டு நாளு தராச வச்சிகினு உக்காந்த. இப்ப ஊர்ல நான் அரிசி திருடி. வேல போனாகூட போவட்டும் மேடம். இதே தெருவுலதான நான் நடக்கணும்."

மேடம் என்றும் நீ என்றும் ஒரே மூச்சில் என்னை யாரும் அதுவரை அழைத்ததில்லை.

"தராசு எடுத்தாந்திருக்கியா? போடு. என் கண்ணு முன்னால போடு."

தராசு என் பையிலேயே இருந்தது. டீச்சர் ஒரு பிள்ளையின் தட்டில் எப்போதும் போல இரண்டு கரண்டி சாம்பார் சாதம் போட்டார். எடை பார்த்து, தட்டு எடையைக் கழித்தேன். குறைவு. வாசலில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். டீச்சர் எண்ணைப் பார்க்கவில்லை, சோற்றைப் பார்த்தார்.

"அந்தச் சோத்த மட்டும் போடு."

என் டிபன் டப்பாவைத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கி, சோற்றை வழித்து அதில் போட்டேன். கிட்டத்தட்ட நூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. மறுபடி போட்டேன். அதே எண். மூன்றாவது முறை தேவையில்லை. ஆனால் எங்கள் பயிற்சி மூன்று முறை போடச் சொல்கிறது. அந்த மூன்றாவது முறையின்போதுதான் பீரோ நினைவுக்கு வந்தது. சாவி கேட்டேன்.

பீரோ தட்டைத் தராசில் வைத்தால் என் படிவத்தில் உள்ள அதே எடை. பிள்ளையின் காலித் தட்டு அதைவிட நூறு கிராம் குறைவு. அந்த அறையில் அப்போது புரிந்துகொண்ட ஒரே ஆள் நான்தான். சொல்லாமல் இருக்கலாம் என்ற எண்ணம் வந்ததா என்று தோழி பிறகு கேட்டாள். வந்தது. ஒரு தட்டு எடை போடும் நேரம் அளவுக்கு.

பிறகு எல்லாத் தட்டையும் கழுவி, தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் போட்டேன். எங்கள் பக்கத்தில் விசேஷம் வைத்தால் வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு எவர்சில்வரில் ஏதாவது ஒன்று, பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். இந்த ஊரில் அதில் ஒன்றிரண்டு தட்டு பால்வாடிக்கும் வந்துவிடும். ஆக, இங்கே இருந்த தட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டு விசேஷம். கல்யாணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, சிலுவை பொறித்த புதுநன்மைத் தட்டு இரண்டு. யார் வீட்டில் எவ்வளவு மனசோ அவ்வளவு கனம். இது செஞ்சியில் பிறந்த எவருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் யாருக்காவது பலகாரம் கொடுத்தனுப்ப வேண்டுமென்றால், திரும்பி வராவிட்டால் போகட்டும் என்று என் நைனா தட்டுகளை விரலால் சுண்டிப் பார்த்து, இருப்பதிலேயே மெல்லிசான தட்டைத்தான் எடுப்பார். இருபத்தாறு வருடம் அதைப் பார்த்து வளர்ந்த நான்தான், தட்டு என்றால் ஒரே எடை என்று வழிமுறை எழுதினேன்.

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் விவரம் சொன்னார். பீரோ தட்டு ரைஸ்மில்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதிகாரி வந்தால் சாப்பிட வைத்திருப்பது. அதைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு மரியாதை செய்யப்போய் அவருக்கு மெமோ.

"இது அவுரு பங்காளி வூட்டு காது குத்து" என்று ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார். "சாம்பார் ஊத்தினா வளையும்."

இருப்பதிலேயே லேசான தட்டு வந்தபோது பெயரைச் சத்தமாகப் படித்தார். வாசலில் நின்ற இளையவளின் கல்யாணத் தட்டு.

"எங்கூட்டுத் தட்டு ஒண்ணும் லேசு கெடையாது" என்றாள் அவள்.

"நான் சொல்லலடி. தராசு சொல்லுது."

அவளுக்கு உடனே தராசின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். அடுத்த தட்டு வருவதற்குள் இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே சாருக்குப் போன் செய்தேன். அவர் முழுதும் கேட்டார். பிறகு, இறுதி அறிக்கையில் ஆய்வின் வரம்புகள் என்று ஒரு பத்தி வருமல்லவா, அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மெமோவுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது என்றேன். நாம் யார் பெயரையும் சொல்லவில்லையே என்றார். அதுவும் உண்மைதான். கருத்தரங்குக்குச் சுவரொட்டி அச்சுக்குப் போய்விட்டது என்றார். அதுவும் உண்மைதான்.

"சார், அந்தக் கம்பத்துக்குச் சிவப்பு கலர் குடுத்தது நான்தான்" என்றேன். "லெட்டரும் நானே எழுதுறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் கெட்டவர் இல்லை. கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார். ஆனால் நான் அனுப்பிய வரைவில் 'தவறு' என்று இருந்த மூன்று இடங்களிலும் 'அளவீட்டு மாறுபாடு' என்று மாற்றினார். அதை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"மாறுபாடுன்னா இன்னா? தப்புன்னு எழுத வராதா உங்களுக்கு?"

நியாயமான கேள்வி. திரும்ப எழுதினேன். தட்டு விஷயம் முழுதும் எழுதி, தவறு என்னுடையது, வழங்கப்பட்ட உணவின் அளவில் குறை இல்லை என்று முடித்தேன். இதோடு நிறுத்தியிருக்கலாம். டீச்சருக்கு அது போதும். தட்டு மாறிப்போனது யாருக்கும் நடக்கக்கூடியது. கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் மைனஸ் எழுபதைப் பூஜ்யமாக்கியது தட்டு மாறியதால் நடந்தது இல்லை. மூன்றாம் நாளே தராசு எனக்குச் சொல்லிவிட்டது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன். இது டீச்சருக்குத் தெரியாது, சாருக்கும் தெரியாது. கடிதத்தில் இன்னொரு பத்தி சேர்த்தேன்: பூஜ்யத்துக்குக் கீழே வந்த எண்களை முதல் வாரத்திலேயே பார்த்தேன், காரணம் தேடாமல் பூஜ்யமாக மாற்றினேன்.

"அத எதுக்கும்மா எழுதுற? யாரும் கேக்கலையே" என்றார் சார். குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம் இருந்தது. அந்தப் பத்தி இருந்தால் கையெழுத்துப் போட முடியாது, துறைக்கே சங்கடம் என்றார். கடைசியில் கடிதம் இரண்டானது. தட்டு பற்றியது அவர் கையெழுத்தோடு. பூஜ்யம் பற்றியது என் கையெழுத்து மட்டும்.

ஐந்தாம் நாள் இரண்டையும் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிய எழுத்தர் நெடுநேரம் புரட்டினார். எந்தப் பொருளின் கீழ் பதிவது என்பது அவருடைய சிக்கல். மெமோ கொடுக்கப் படிவம் உண்டு, மெமோவுக்கு விளக்கம் வாங்கப் படிவம் உண்டு. மெமோ தப்பு என்று வெளியாள் ஒருத்தி வந்து சொல்வதற்கு எதுவும் இல்லை. 'இதர' என்று எழுதி முத்திரை குத்தினார். மேற்பார்வையாளர் அம்மா படித்துவிட்டு, "சரி, பாத்துக்கலாம், டீச்சர வேலையப் பாக்கச் சொல்லு" என்றார்.

டீச்சருக்கு அது போதவில்லை. அடுத்த தாய்மார்கள் கூட்டத்தில் வந்து நானே படிக்க வேண்டும் என்றார். போனேன். பதினைந்து பேர் இருந்தார்கள், லேசான தட்டுக்காரி உட்பட. இரண்டு கடிதத்தையும் படித்தேன். முதல் கடிதத்துக்குச் சிரித்தார்கள். இரண்டாவதற்கு யாரும் சிரிக்கவில்லை; புரியவில்லை என்று நினைத்து விளக்கத் தொடங்கினேன்.

"புரியுது, புரியுது" என்றாள் லேசான தட்டுக்காரி. "கணக்கு இடிக்குதுன்னு தெரிஞ்சிருக்குது, வுட்டுட்ட. இதுல இன்னா வெளக்கம்?"

பிறகு, "அப்ப உனக்கு டாக்டரு பட்டம் குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். கொஞ்சம் தள்ளிப் போகும் என்றேன். அவள் அந்தப் பதிலில் திருப்தி அடைந்ததாகத் தெரிந்தது.

டீச்சர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. கூட்டம் கலைந்ததும் கடிதங்களின் நகலை வாங்கி மடித்து, மெமோ இருந்த டிராயரில் வைத்துக்கொண்டார்.

அங்கே பன்னிரண்டு நாள் வேலையை நான் திரும்பச் செய்தேன். இந்த முறை பிள்ளைகள் காத்திருந்தாலும் ஒவ்வொரு காலித் தட்டையும் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். போடப்படும் சோறு மற்ற நான்கு இடங்களைப் போலவே இருக்கிறது. பிள்ளைகள் கறிவேப்பிலையை ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிடுகிறார்கள். ஐந்து கம்பமும் ஒரே உயரம். ஒரு பால்வாடியில் பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்பதற்கு எங்கள் துறையில் யாரும் கை தட்டுவதில்லை.

இன்றைய நிலை இது. டீச்சர் மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. மெமோ எழுத்து மூலம் ரத்து செய்யப்படவும் இல்லை; அவருடைய கோப்பில் இருக்கிறது. என் கடிதங்கள் அதே கோப்பில் சேர்க்கப்பட்டனவா என்று கேட்டு இரண்டு மனு கொடுத்திருக்கிறேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதைக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. என் ஆய்வேட்டில் இந்த ஐந்து பால்வாடிகளைப் பற்றிய மூன்றாவது அத்தியாயம் இன்னும் ஏற்கப்படவில்லை.